இழுபலகையில் விமானப் பொத்தானுக்கு உரிய இடம்: ஒரு பாடத்தேர்வு ஆராய்ச்சி

கைப்பேசித் திரையின் உச்சியில் விரலை வைத்துக் கீழே இழுத்தால் இறங்கிவரும் பலகைக்குத் தமிழில் இதுவரை முறையான உரை எழுந்ததில்லை. நாள் முழுக்க அதை இழுக்கிறோம். டார்ச்சைப் போடுகிறோம், வைஃபையை அணைக்கிறோம். எந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் எது நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று மட்டும் கேட்பாரில்லை. கடையில் வாங்கியபோது இருந்த வரிசை, எக்ஸ்சேஞ்சில் போடும் நாள்வரை அப்படியே கிடக்கிறது. இக்குறை தீர, அப்பலகையை வசதி கருதி ‘இழுபலகை’ என்று குறித்துக்கொண்டு, அதன் முதலிடம் ஏரோபிளேன் மோடு எனப்படும் விமானப் பொத்தானுக்கே உரியது என்று நிறுவப் புகுகிறேன். வாழ்நாளில் விமானம் ஏறாதவருக்கும் இது பொருந்துமோ எனின், அவருக்குத்தான் மிகவும் பொருந்தும்.

முதலில் காலம். 2008இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலேயே அறிவிப்புகளை இழுத்துப் பார்க்கும் வசதி இருந்தது, பொத்தான்கள் இல்லை. சாம்சங் போன்றோர் தம் கைப்பேசிகளில் ஒரு வரிசைப் பொத்தான்களைத் தாமே சேர்த்தனர். கூகுளின் மூலத்தில் அவை இடம்பெற்றது 2012இல், ஆண்ட்ராய்டு 4.2இல்தான். எனவே பொத்தான்கள் இடைச்செருகலாகத் தொடங்கி மூலமாக உயர்ந்தவை. இந்தப் பேறு எல்லா இடைச்செருகலுக்கும் வாய்ப்பதில்லை. ஆப்பிள் 2013இல் தன் கண்ட்ரோல் சென்டரைக் கீழிருந்து மேலே இழுக்கச் சொன்னது. 2017இல் ஐபோன் எக்ஸ் வந்ததும் வலது மேல்மூலையிலிருந்து கீழே இழுக்கச் சொன்னது. இவ்விரண்டையும் வைத்துக்கொண்டு இழுபலகை நம் நாட்டு ஓலைச்சுவடியிலிருந்தே பிறந்தது என்று காட்ட வல்லார் நம்மிடையே உளர். அவர்கள் பணியில் குறுக்கிட விரும்பவில்லை. விட்டால் இன்னும் நான்கு நூற்றாண்டு பின்னுக்குத் தள்ளுவார்கள்.

பொத்தான்களை இடம் மாற்றும் உரிமை தாமதமாகத்தான் கிடைத்தது. 2015இல் ஆண்ட்ராய்டு 6 அதை ஓர் ஒளிவறையில் வைத்தது. இழுபலகையின் பல்சக்கரத்தைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தவருக்கே கதவு திறந்தது. 2016இல் ஆண்ட்ராய்டு 7 அதை எல்லோருக்கும் பொதுவாக்கியது. அடுத்த ஆண்டு ஆப்பிளும் இறங்கிவந்தது. இன்று பென்சில் படத்தைத் தொட்டு, எங்கோ மூன்றாம் பக்கத்தில் கிடக்கும் பொத்தானை இழுத்து முதல் வரிசையில் பொருத்தலாம். தொலைவில் கிடக்கும் சொற்களைக் கொண்டுவந்து கூட்டிப் பொருள் சொன்ன நச்சினார்க்கினியருக்கு இது மிகவும் பிடித்திருக்கும். அவர் முறையைக் கண்டித்த மறைமலையடிகள், கம்பெனி வைத்த வரிசையிலேயே விட்டிருப்பார் என்பது என் துணிபு. இதற்கான சான்று அச்சேறாத என் முந்தைய கட்டுரை ஒன்றில் உள்ளது.

இனிப் பாகுபாடு. இழுபலகைப் பொத்தான்களை ஐந்திணையாகப் பகுப்பார் ஒரு சாரார். எண்ணிக்கை ஐந்தில் அடங்காதபோது மிஞ்சியவற்றைப் பெருந்திணையில் தள்ளிக் கதவைச் சாத்துவர். ஆட்டோ ரொட்டேட் என்பது படுத்துக்கொண்டு படிப்பவரின் பகை. ஹாட்ஸ்பாட் ஈகையின்பாற்படும். லொகேஷன், உணவு கொண்டுவருபவர் வழி கேட்கும்வரை அணைந்தே இருக்கும். அறிவிப்புகளைப் பொறுத்தவரை, 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல் புதிதாக ஏற்றும் செயலி நம் அனுமதியைப் பெற்ற பிறகே அறிவிப்பு அனுப்ப முடியும். நாம் படிக்காமலே ‘அனுமதி’ என்று அழுத்திவிடுவதால் இதைப் பற்றி மேலும் எழுத ஒன்றுமில்லை.

விமானப் பொத்தானுக்கு வருவோம். இதன் முதன்மைக்கு முதற்காரணம் பாடத் தூய்மை. மற்றப் பொத்தான்கள் எல்லாம் ஏதோ ஒரு பதிப்பாசிரியரின் கைபட்டுக் கெட்டவை. 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல், கண்ட்ரோல் சென்டரில் வைஃபையை அணைத்தால் அது அணைவதில்லை. அப்போதிருக்கும் தொடர்பை மட்டும் விட்டுவிட்டு, உள்ளூர் நேரம் விடியற்காலை 5 மணிக்குத் தானே மறுபடி தேடக் கிளம்பிவிடும். இந்த 5 மணியைப் பிரம்ம முகூர்த்தத்தோடு இணைப்பார் ஒருவர். பெயர் தெரியவில்லை, ஊர் தெரியவில்லை, அவர் கருத்து தவறு என்பது மட்டும் ஐயமறத் தெரிகிறது. 2021இல் ஆண்ட்ராய்டு 12, வைஃபையையும் மொபைல் டேட்டாவையும் ‘இன்டர்நெட்’ என்ற ஒரே பொத்தானாக ஒட்டியது. ஒரு தொடுதலில் முடிந்த காரியத்துக்கு இரண்டு வேண்டியதாயிற்று. விமானப் பொத்தானோ தொட்டால் அணைக்கிறது, மறுபடி தொட்டால் விடுகிறது. ஆண்ட்ராய்டு 11 முதல், காதில் புளூடூத் ஹெட்செட் இருந்தால் புளூடூத்தை மட்டும் அது அணைக்காமல் விடுகிறது என்பது உண்மையே. இதனைச் சிறு பாடபேதமாகக் கொள்க.

இரண்டாவது காரணம் பயன். விமானப் பொத்தான் விமானத்துக்கு என்பது மேலோட்டமாகப் படிப்பவர் கொள்ளும் பொருள். 1991இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் வானில் செல்பேசியைத் தடை செய்தபோது அது கவலைப்பட்டது தரையிலிருக்கும் டவர்களுக்காக. உயரத்தில் பறக்கும் கைப்பேசி ஒரே நேரத்தில் பல டவர்களின் கண்ணில் பட்டு, கீழே பேசிக்கொண்டிருப்பவர்களின் தொடர்பைக் குழப்பிவிடும் என்பது அதன் வாதம். விமானக் கருவிகள் கெடுமோ என்ற கவலை விமானத் துறையினருடையது. அதுவும் 2013இல் அமெரிக்காவிலும் 2014இல் இந்தியாவிலும் பெரிதும் தளர்ந்தது. ஆகவே இப்பொத்தானுக்கு நிலத்து டவரோடுள்ள உறவு பிறப்பிலேயே உள்ளது. எழும்பூரில் ஏறி விழுப்புரம் தாண்டுவதற்குள் சிக்னல் செத்துவிட்டதென்றால் தமிழர் என்ன செய்கின்றனர்? விமானத்தை ஏற்றி, பத்து எண்ணி, இறக்குகின்றனர். தேநீர்க் கடையில் பணம் போகாமல் வட்டம் சுற்றினாலும் அதே சடங்கு. இது மூடநம்பிக்கையன்று. பொத்தானைப் போட்டதும் கைப்பேசி வலைப்பின்னலிலிருந்து விலகுகிறது. எடுத்ததும் பழைய டவரின் பிடியை விட்டு, அருகில் எது உள்ளதெனப் புதிதாகத் தேடிப் பதிவு செய்துகொள்கிறது. இதனை ‘நிலத்து விமானக் கோட்பாடு’ என மேற்சொன்ன அச்சேறாத கட்டுரையின் அடிக்குறிப்பில் நிறுவியுள்ளேன். அந்த அடிக்குறிப்பு இக்கட்டுரையையே மேற்கோள் காட்டுகிறது. இரண்டையும் ஒருசேர ஆதரிக்கும் மூன்றாவது சான்று, எழுதப்படாத ஆய்வேடொன்றின் முன்னுரையிலிருந்து நெறியாளர் நீக்கச் சொன்ன பகுதியில் இருந்தது. துறை வளர்வது இவ்வாறே. பதவி உயர்வும் இவ்வாறே.

அற்றேல், கைப்பேசியை ரீஸ்டார்ட் செய்தால் இதே பயன் கிட்டாதோ எனின், கிட்டும்; அது கொசுவை அடிக்க வீட்டைக் கொளுத்துவது. மின்வெட்டில் உயிர் காக்கும் டார்ச்சுக்கன்றோ முதலிடம் எனின், அற்றன்று. டார்ச்சைப் பல கைப்பேசிகளில் பூட்டுத்திரையிலிருந்தே தொடலாம். இரண்டு வீடு உள்ளவர் மூன்றாவதற்கு மனுப் போடக்கூடாது. கைதவறிப் பட்டுவிட்டால் அழைப்புகள் வாராவே எனின், அது குற்றமா குணமா என்பதை அழைப்பவர் யார் என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

வலுவான மறுப்பு ஒன்றே ஒன்று. கைப்பேசியைத் திருடியவன் திரை பூட்டியிருக்கும்போதே இழுபலகையை இழுத்து முதலில் தேடுவது விமானப் பொத்தானைத்தான். அதைப் போட்டுவிட்டால் உரியவர் அழைத்தாலும் மணி அடிக்காது, இருப்பிடம் தேடுவதும் தடைப்படும். முதலிடத்தில் வைத்தால் அவன் வேலை எளிதாகாதோ? ஆகும். ஆயினும், அத்தனை பொத்தான்களிலும் இதையே அவன் தேர்ந்தெடுக்கிறான் என்பது எம் கோட்பாட்டுக்குச் சார்பற்ற ஒருவர் தரும் சான்று என்பதை நோக்குக. மேலும், பூட்டிய திரையில் கண்ட்ரோல் சென்டர் திறக்காதபடி செய்ய ஐபோன் செட்டிங்ஸில் வழி உண்டு. சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் இத்தகைய தடை உண்டு. அதைச் செய்தவரிடம் இழுபலகைக்கு இரண்டு பாடங்கள் அமைகின்றன: பூட்டு நீங்கியபின் கிடைக்கும் நெடும்பாடம், பூட்டியிருக்கையில் கிடைக்கும் குறும்பாடம் அல்லது வெற்றுப்பாடம். இவற்றுள் எது மூலம் என்பதைத் தனியே ஆராயவேண்டும். மூன்றாண்டுத் திட்டமாக அதனைச் செய்யலாம். நல்கைக்கான விண்ணப்பம் ஆயத்தமாக உள்ளது, திருடர்களை நேர்காணும் பயணப்படி உட்பட.