தணிகையில் மின்னல் வேட்டை

கோடைச் சாயங்காலங்களில் வடக்கே நகரி மலைக்கு மேல் கருமேகம் திரண்டவுடன், காமிராவும் டிரைபாடுமாகத் தணிகைக் குன்றின் 365 படிகளையும் மூச்சிரைக்க ஏறி வந்து, சன்னிதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆந்திர ஆகாயத்தை ஆராதிக்கும் நவீன பக்தர்களின் ஏகாக்ர சித்தம் மெச்சத்தக்கதே. இந்திரன் அளித்ததாகச் சொல்லப்படும் யானை வாகனமே இங்கு மூலவரைப் பாராமல் வெளிநோக்கி நிற்கையில், இவர்களை மாத்திரம் கடிந்துகொள்வது நியாயமன்று.

மின்னல் எக்கணம் வெட்டும் என்று எவரும் அறியாராகையால், இருட்டியபின் ஷட்டரை 30 விநாடி திறந்துவைத்துக் காத்திருப்பதே இக்கலையின் சூட்சுமம். வாஸ்தவத்தில் படம் பிடிப்பது மின்னல், மனிதர் குடை பிடிப்பவரே. ஒளிக்கும் ஓசைக்கும் நடுவே 3 விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்குப் போடத் தெரிந்த இப்பண்டிதர்கள், இடி காதில் விழுந்தாலே மின்னலின் எல்லைக்குள் இருக்கிறோம் என்ற அற்ப விஷயத்தைச் சௌகரியமாக மறந்து, மலையுச்சியில் உலோகக் காலைப் பற்றிக்கொண்டு நிற்கிறார்கள். 1960-இல் தணிகையாகிய திருத்தணி ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த சமாசாரம் மேகங்களுக்கு இன்னும் எட்டவில்லை போலும். ஆந்திரத்து நகரியில் திரண்டு இங்கு வந்து இடிக்கின்றன. படத்தின் உரிமை எந்த மாநிலத்துக்கு என்று இதுவரை ஒருவரும் வழக்குத் தொடுக்காதது ஆச்சரியமே.