பங்கில்லாத பங்காளர்

காணி, கட்டடத்தில் முதலிடும் ஒரு கம்பனியின் சொத்தை விற்கப்போகிறார்கள் என்றதும் சிறு பங்காளருக்கு வருகிற பாசம் விசேஷமானது. நேற்றுவரை "டிவிடென்ட் பஸ் காசுக்கும் காணாது" என்றவர், இன்று அதைப் பாட்டன் காணிபோலக் கட்டிப்பிடித்து, விலை காணாது என்று சண்டைக்கு நிற்பார். சிரிக்கலாம். ஆனால் சண்டைபிடிக்க அவருக்கு ஓர் இடம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, சொத்தில் பாதிக்கு மேல் விற்பதென்றால் 75 சதவீத வாக்கு வேண்டும். எதிர்த்து வாக்களித்துத் தோற்றவர், தன் பங்கை நியாய விலைக்கு வாங்கும்படி கம்பனியையே கேட்கலாம். கூட்டம் முடிய பற்றிசும் பிளேன்ரீயும் வேறு.

இனி அரசுக்குச் சொந்தமான ஆனையிறவு உப்பளத்துக்கு வாருங்கள். 1990இல் யுத்தம் மூடிய பாத்திகளில் பிறகு மெல்ல உப்பு விளைந்தது. 2025 மார்ச்சில் ஆலை திறந்து, பக்கெற்றில் 'ரஜ லுணு' என்று சிங்களப் பெயரும் விழுந்தது. ஊர் கொதித்தது, அந்தக் கொதிப்பை எந்த வாக்குச்சீட்டில் பதிவது? "அரசுச் சொத்து எல்லாருடையதும்தானே" என்பார்கள். நல்லது, அப்படியானால் ஆண்டுப் பொதுக்கூட்டம் எப்போது, பற்றிஸ் எங்கே? "சிறு பங்காளர் வாக்கால் எதுவும் மாறாது, வெறும் சத்தம்" என்பதும் பெரும்பாலும் சரி. பெரிய நிதியங்கள் கைதூக்கினால் கதை முடிந்தது. ஆனாலும் அந்தச் சத்தத்துக்காகத்தான் ஒரு மதிப்பீட்டு அறிக்கையாவது அச்சாகிறது. காலில் உப்பு வெடிப்போடு பாத்தியில் வாருகிறவருக்கு அறிக்கையும் இல்லை. 'தன்' கம்பனி என்ன முடிவெடுத்தது என்பதை அவர் பக்கெற்றைப் பார்த்துத்தான் அறிகிறார்.