சோபா வாங்குறதுக்கு முன்னாடி, மாப்பிள்ளை

ஆயர் குரோ கம்பெனியில உங்களுக்குப் பெரிய நாற்காலி குடுத்திருக்காங்களாம். ஆளுங்க இளைப்பாற ஓர் அறை, அதுலயே மீட்டிங்கும் நடக்கணும்னு பிளான் போடச் சொன்னாங்களாம். செலண்டார் வரைக்கும் சேதி வந்துடுச்சு. யோசனை சொல்ல இந்தக் கிழவனுக்கு என்ன தெரியும்? கித்தா மரத்துல பால் வெட்டுனவன். கேட்டு வைங்க, காசா பணமா.

1896இல இந்த மலாக்காவுலதான், புக்கிட் லிந்தாங்குல, தான் சாய் யான் வியாபாரத்துக்குன்னு கித்தா நட்டார்; மலாயாவுல அப்படி முதல்ல நட்டவங்கள்ல அவர் ஒருத்தர். அப்புறம் நம்ம ஜாசின் பக்கம் புக்கிட் அசகான்ல பெருசா போட்டார். அந்தத் தோட்டங்கள்ல எந்தத் துரையும் எங்களுக்கு ஓய்வறை கட்டல. ஓய்வு குடுத்தது மரம். விடியக்காலைக் குளிர்லதான் பால் நல்லா ஓடும். அதனால இருட்டோட போய் நிரை வெட்டி முடிச்சுடுவோம். சொட்டு நிக்குற வரைக்கும் பால் புடிக்கிற மங்குல கை வைக்க முடியாது. கங்காணி கத்துனாலும் பால் அவசரப்படாது. அந்த நேரந்தான் பசியாற, வெத்தல போட, துரை நடக்குற மாதிரி நடந்து காட்ட.

இன்னொண்ணு. பேர் கூப்பிடுற பெரட்டுக்களம் வேற, பசியாறுற மரத்தடி வேற. பெரட்டுல கைகட்டி நின்னவன் மரத்தடியில கால நீட்டுவான். நீங்க ரெண்டையும் ஒரே அறையில வைக்கப் போறீங்க. பேஷ்! புரொஜெக்டரையும் மாட்டிடுங்க. மறுநாள்லருந்து உங்க ஆளுங்க கக்கூஸ்ல இளைப்பாறுவாங்க. பணம் பத்தலன்னா நடுவுல ஒரு தடுப்பாவது போடுங்க. மேனேஜர் ரூமுலேருந்து பார்த்தா தெரியாத பக்கமா நாற்காலியைத் திருப்புங்க. கண்ணாடிச் சுவர் வச்சு ‘ஓய்வு’ன்னு எழுதுனா, அது மீன்தொட்டி.

சோபா என்ன கலர்னு மூணு மீட்டிங் போட்டீங்களாமே. நேரம் எவ்வளவுன்னு ஒரு மீட்டிங்காவது போட்டீங்களா? 1955ஆம் வருசத்து வேலைச் சட்டத்துல அஞ்சு மணி நேரத்துக்கு மேல தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவுல அரை மணியாவது விடணும்னு இருக்கு. பத்து நிமிசம் தேத்தண்ணி குடிச்சுட்டு வந்தா அது கணக்குல சேராது. கேட்டுலேருந்து உங்க சோபாவுக்கு நடந்து போகவே எட்டு நிமிசம்னா, அதுல உக்காரப் போறது தூசிதான்.

சாப்பாட்டு விசயத்துல ரொம்ப நல்லவரா இருக்காதீங்க. மலாய்க்காரர், சீனர், நம்மாளு, நேப்பாளி, வங்காளதேசத்துப் பையன் எல்லாருக்கும் ஒரே மைக்ரோவேவ் வச்சு, மேல ‘ஒற்றுமை’ன்னு போர்டு மாட்டுனீங்கன்னா அன்னைக்கே சண்டை. ஹலாலுக்குத் தனியா ஒண்ணு, மத்ததுக்கு ஒண்ணு. மாட்டுக்கறி பக்கத்துல தன் டிபனை வைக்காத ஆச்சி உங்க கம்பெனியிலயும் இருப்பா. குளிர்பெட்டியில தட்டைப் பிரிச்சுடுங்க. செலவு கொஞ்சம், நிம்மதி நிறைய.

இடம் எங்கன்னு தெரியலன்னா, கோட்டைக் கழட்டி வச்சுட்டு மத்தியானம் ஒரு சுத்து வாங்க. மோட்டார் சைக்கிள் கொட்டாய் நிழல்ல, மாடிப்படிக்குக் கீழ, கவுத்த வாளி மேல ஆளுங்க உக்காந்திருப்பாங்க. காத்து எங்க வருது, துரை எங்க வரமாட்டார்னு அவங்க ஏற்கெனவே கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க. அங்கயே ஒரு கூரை, ஒரு பேன், ஒரு குழா. உங்க அறைக்கு பிளான் படம் போடுற பொண்ணுக்கு வருத்தமா இருக்கும், இருந்தா இருக்கட்டும்.

குழாயை எங்க வைக்கணும்னு கூட்டுற அம்மாவைக் கேளுங்க. மங்கு கழுவுறது அவங்கதான், நீங்க இல்ல.

ஆமா, பழைய மர வாங்கெல்லாம் தூக்கிப் போடப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன். பாவம், குப்பைக்கு ஏன்? லோரியில ஏத்தி இந்தப் பக்கம் அனுப்பி வைங்க. நாலு போதும். அஞ்சுன்னாலும் வேணாங்கல.