சனி ஞாயிறு கிராமத்தார்

சனி ஞாயிறு கிராமத்தார் என்பவர்கள் வாரத்தில் ஐந்து நாள் மயிலாப்பூரிலோ தி.நகரிலோ அடையாறிலோ வசித்து, மீதி இரண்டு நாளை ஊர்ப்புறத்தில் விடுதியாக மாற்றப்பட்ட ஒரு மாட்டுக்கொட்டகையில் வாடகை கொடுத்துக் கழிப்பவர்கள். கொட்டகை கிடைக்காதபோது நெல் கிடங்கு, பம்ப்செட் ரூம், வைக்கோல் கொட்டாய் எதுவானாலும் சரி. அந்தக் கட்டடத்தில் மாடோ நெல்லோ வைக்கோலோ இப்போது இருக்கக் கூடாது. ஒரு காலத்தில் இருந்திருக்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனையும் பொருந்திவிட்டால், பட்டணத்தில் நல்ல ஓட்டல் அறைக்குக் கேட்கும் வாடகையைக் கேட்டாலும் பேசாமல் கொடுத்துவிடுவார்கள். பாண்டி பஜாரில் இருபது ரூபாய்க்காக அரை மணி நேரம் மல்லுக்கட்டுகிறவர்கள் இவர்கள்தான் என்பதால் இது குறிப்பிடத் தக்கது.

செங்கல்பட்டு, மதுராந்தகம், உத்திரமேரூர் வட்டாரங்களில் இவர்கள் மிகுதியாகக் காணப்படுகிறார்கள். காரணம் எளிது. வீட்டில் இட்லியை முடித்துக்கொண்டு கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேரலாம். இடம் பிடிக்காவிட்டால் ராத்திரிக்குள் திரும்பியும் விடலாம். நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு வரும்போது பொள்ளாச்சித் தென்னந்தோப்பு வரைக்கும் பரவுவதுண்டு.

பழக்கம் சென்னைக்குப் புதிது என்று சொல்ல முடியாது. 18ஆம் நூற்றாண்டில் கோட்டையில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்கள் காற்று வாங்கத் தோட்ட வீடு கட்டிக்கொண்டு வந்த கிராமப்புறம்தான் இன்றைய அடையாறும் மயிலாப்பூரும். ஜேம்ஸ் பிராடி என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் 1796-ல் அடையாற்றங்கரையில் கட்டிய பிராடி காசில் இப்போது இசைப் பல்கலைக்கழகமாக இருக்கிறது. தி.நகரோ மாம்பலம் ஏரியை வற்றவைத்து 1920-களில் போட்ட மனைப்பிரிவு. ஆக, ஏரிக்குள் வீடு கட்டிக் குடியிருக்கும் குடும்பம் ஒன்று சனிக்கிழமை காலையில் ஏரி பார்ப்பதற்காக எண்பது கிலோமீட்டர் காரில் போகிறது.

மற்ற இடங்களில் இதை ஒழுங்காகச் சட்டம் போட்டுச் செய்கிறார்கள். இத்தாலி 1985-லேயே பண்ணைத் தங்கலுக்குத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. விருந்தாளியை வைத்துக்கொள்ளலாம், ஆனால் விவசாயம்தான் முதல் தொழிலாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். மகாராஷ்டிரத்தில் பாராமதியில் 2005 முதல் இந்த முயற்சி நடக்கிறது. 2020-ல் அந்த மாநில அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. மத்திய சுற்றுலாத் துறையின் ‘பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்’ திட்டம் ஒன்று முதல் ஆறு அறை வரை அனுமதிக்கிறது. வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும் என்கிறது. செங்கல்பட்டுப் பக்கத்துக் கொட்டகைகளில் பலவற்றின் வீட்டுக்காரர் இருப்பது அடையாறில். விருந்தாளியும் வீட்டுக்காரரும் காந்தி நகரில் ஒரே காய்கறிக் கடையில் நின்றுகூட ஒருவரை ஒருவர் அறிந்திருக்க மாட்டார்கள். கிராமத்தில் உண்மையில் இருப்பவர் கேர்டேக்கர் ஒருவரே. அவரைப் பற்றிப் பின்னால் வரும்.

இந்த வகையினரின் தலையாய அடையாளம் தாத்தாவின் நிலம். ஏதாவது ஒரு தாத்தாவுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் பத்து வேலி இருந்தே தீரும். வேலி என்பது ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். பரனூர் டோல்கேட்டில் பத்து வேலியாக இருக்கும் சொத்து, மதுராந்தகம் ஏரிக்கரை வருவதற்குள் இருபதாகிவிடும். அவ்வளவு நிலமும் எங்கே போயிற்று என்று பின்சீட்டுப் பிள்ளை கேட்டால் “சீலிங்கில போயிடுத்து” என்று பதில் வரும். 1961ஆம் வருஷத்து நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் விட்டுவைத்தது, 1970-ல்தான் அது 15 ஆனது என்ற விவரத்துக்குள் யாரும் போவதில்லை. பெரும்பாலான தாத்தாக்கள் நிலத்தை விற்றது அத்தை கல்யாணத்துக்கும் மாம்பலத்தில் வீடு வாங்குவதற்கும். கொட்டகைக்குப் பக்கத்தில் கொசுக்கடியில் படுக்க முடியவில்லை என்பதும் தாத்தா பட்டணம் வந்த காரணங்களில் ஒன்று. பேரன் இப்போது காசு கொடுத்துக் கொட்டகைக்கு உள்ளேயே படுக்கிறார்.

அந்தக் கொட்டகையைச் சற்று விவரிக்க வேண்டும். கீற்றை இறக்கிவிட்டு மங்களூர் ஓடு போட்டிருப்பார்கள். 1865-ல் பாசல் மிஷன் பாதிரிமார்கள் மங்களூரில் ஆலை வைத்துத் தொடங்கிய ஓடு, இன்று எதைப் பழமையாகக் காட்ட வேண்டுமானாலும் அதன் தலையில் ஏறுகிறது. மாடு சாணி போட்ட தரையில் ஆத்தங்குடிக் கல். கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணச் சிமெண்டை வார்த்து, சூளையில் வைக்காமல் தண்ணீரில் ஊறப்போட்டுப் பக்குவப்படுத்தும் அந்தக் கல்லை நகரத்தார்கள் தங்கள் பெரிய வீடுகளின் கூடத்துக்குப் போட்டார்கள். இங்கே அது கன்றுக்குட்டி கட்டிய மூலை வரைக்கும் போகிறது. தூண்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையிலிருந்து லாரியில் வந்தவை. வண்டிச் சக்கரம் உத்தரத்திலிருந்து பல்புகளைச் சுமந்து தொங்கும். உலக்கை, ஈரத்துண்டு போடும் கொம்பு. ஆட்டுக்கல்லில் தண்ணீர் ஊற்றிச் செம்பருத்தி மிதக்கவிட்டிருப்பார்கள். கழுநீர்த் தொட்டிக்குக் குழாய் வைத்து வாஷ்பேசின் ஆக்கியிருப்பார்கள். ஒன்றரை டன் ஏ.சி. மூங்கில் தட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். இந்த ரசனைக்கெல்லாம் பள்ளிக்கூடம், முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ரா. செட்டிநாட்டு வீட்டையும் தஞ்சாவூர்க் குடியானவர் வீட்டையும் காஞ்சிபுரம் நெசவாளர் வீட்டையும் அங்கே ஒரே மத்தியானத்தில் பார்த்துவிட்டு, மூன்றையும் ஒரே கொட்டகைக்குள் வைத்துவிட்டார்கள்.

அறைகளுக்கு லட்சுமி, கங்கா, சிவகாமி என்று பெயர்ப்பலகை இருக்கும். வருகிறவர்கள் தெய்வப் பெயராக்கும் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். முன்பு அங்கே கட்டியிருந்த பசுக்களின் பெயர் அவை என்பது கேர்டேக்கருக்கு மட்டும் தெரியும்.

பயண ஏற்பாடு முற்றிலும் நகரத்தை நம்பியது. கிராமத்துக்குப் போகிறவர்கள் ஏன் கிராண்ட் ஸ்வீட்ஸ் புளிக்காய்ச்சல், அப்பளம், பருப்புப் பொடி, இருபது லிட்டர் தண்ணீர் கேன், கொசு பேட், டிகாக்‌ஷன் நிரப்பிய ஃபிளாஸ்க் எல்லாம் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்ற கேள்விக்கு “எதுக்கும் இருக்கட்டுமே” என்பதுதான் இதுவரை கிடைத்த விளக்கம். வழியில் வரிசையாகக் கும்பகோணம் டிகிரி காபிக் கடைகள் வரும். கும்பகோணம் அங்கிருந்து இன்னும் ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். ஏதாவது ஒரு கடையில் நிறுத்தி, பித்தளை டபராவைப் போட்டோ எடுத்து, “சிக்கரி ஜாஸ்தி” என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது முறை. இந்தத் தீர்ப்பு காபி வருவதற்கு முன்பே தயாராக இருக்கும்.

சாப்பாட்டு விஷயத்தில் விருந்தாளியும் கிராமமும் எதிரெதிர் திசையில் நடந்து ஒருவரை ஒருவர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பட்டணத்து ஜனங்கள் வருகிறார்களே என்று கேர்டேக்கரின் மனைவி கோபி மஞ்சூரியன் கற்று வைத்திருப்பார். வந்தவர்களோ கேழ்வரகுக் களி கேட்பார்கள். களி வந்ததும் ஆளுக்கு ஒரு வாய் சாப்பிட்டு, படம் பிடித்து, “சூப்பர்ம்மா” என்று சொல்லிவிட்டு, கோபி மஞ்சூரியனைக் காலி செய்வார்கள். விறகடுப்புச் சமையல் வேண்டும் என்று முன்பதிவின்போதே சொல்லியிருப்பார்கள். புகை கண்ணைக் கரிக்கிறது என்று அந்த அம்மாள் உள்ளே கேஸ் அடுப்பில் சமைத்து, மண்சட்டியில் மாற்றி எடுத்துக்கொண்டு வருவார். விறகடுப்பு ருசியே தனி என்பதில் மேஜையில் இருக்கும் அனைவரும் ஒருமனதாக இருப்பார்கள்.

பால் விவகாரம் இதைவிடச் சிக்கலானது. கறந்த பால் வேண்டும் என்று கேட்பவர் விருந்தாளிதான். கறப்பதைக் கிட்டத்தில் நின்று பார்த்த பிறகு அவருக்கு அதில் வாடை தெரிய ஆரம்பிக்கும். இரண்டு தரம் காய்ச்சச் சொல்வார். மூன்றாவது தரம் காய்ச்சியும் காபியில் மாடு தெரிகிறது என்று மனைவி சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது; பாக்கெட் பால் கிடைக்குமா என்று விசாரணை தொடங்கும். கேர்டேக்கர் டி.வி.எஸ். ஃபிஃப்டியை எடுத்துக்கொண்டு பஸ் ரூட் வரைக்கும் போய் ஆவின் பச்சைப் பாக்கெட் வாங்கிவருவார். கொட்டகைக்குப் பின்னால் கறந்த பாலை அவர் தினமும் இரண்டு வேளை ஊற்றுவது ஊர்ப் பால் சங்கத்தில். அது ஆவினுக்குப் போய்ச் சூடேறிக் குளிர்ந்து பாக்கெட்டாகித் திரும்பி வந்திருக்கிறது. “இதுதான் பால்” என்பார் விருந்தாளி, தம்ளரை ஆற்றிக்கொண்டே.

விவசாய அறிவில் இவர்கள் புத்தகத்தில் உயரமும் வயலில் குள்ளமும் ஆனவர்கள். நெல் ஜெயராமன் 2018-ல் காலமானது, திருத்துறைப்பூண்டி நெல் திருவிழா, மாப்பிள்ளைச் சம்பாவின் நார்ச்சத்து, எல்லாம் தெரியும். வயலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் நாற்றங்காலைப் பார்த்து “புல்லை ஏன் இவ்வளவு அழகா வளர்க்கிறீங்க?” என்பார்கள். இந்த வட்டாரத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம் உண்டு. நவரை அறுத்துக் காய்ந்து கிடக்கும் சித்திரை மாதத்தில் வந்துவிட்டு, இணையதளத்தில் காட்டிய பச்சை எங்கே என்று கேட்டு வாடகையில் கழிக்கச் சொன்னவர்களும் இருக்கிறார்கள். பம்ப்செட் குளியல் மற்றொரு தகராறு. பதினொரு மணிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு துண்டோடு வந்து நிற்பார்கள்.

“மோட்டார் போடலாமா?”

“த்ரீ ஃபேஸ் வரணும் சார்.”

“எப்போ வரும்?”

“வந்தா தெரியும் சார்.”

எண்ணெய் காய்ந்த பிறகு ஹீட்டர் போட்டுக் குளிப்பார்கள்.

சாயங்காலம் வரப்பில் நடக்கும்போது ஒரு கேள்வி தவறாமல் வரும்: “இங்கே ஏக்கர் என்ன விலை போறது?” ஏக்கருக்கு 100 சென்ட், அதாவது 43,560 சதுர அடி. தி.நகர்க்காரர் மனசுக்குள் அதை 2,400-ஆல் வகுத்து, 18 கிரவுண்டு என்று கண்டுபிடித்து, உஸ்மான் ரோடு விலையால் பெருக்கிப் பார்த்து, கொஞ்ச நேரம் பேச்சற்று நிற்பார். சூரியன் மறையும் அழகில் மெய்மறந்துவிட்டதாக மனைவி நினைத்துக்கொள்வார். அன்றைக்கு ராத்திரியே ஒரு ஏக்கர் வாங்கி, நாலு மாடு கட்டி, ரிட்டையரான பிறகு இங்கேயே வந்துவிடுவது என்று முடிவாகும். திட்டத்தின் ஆயுள் எட்டு மணிக்குக் கரண்ட் போகும் வரை.

இரவு இவர்களுக்கு எப்போதும் எதிர்பாராமல் வருகிறது. முதலில் இருட்டு. அப்புறம் தவளை. உஸ்மான் ரோடு ஹாரனில் அயர்ந்து தூங்குகிறவர் சில்வண்டுச் சத்தத்தில் எழுந்து உட்காருவார். சிக்னல் கிணற்றுத் திட்டில் மட்டும் கிடைக்கும் என்பதால் மொத்தக் குடும்பமும் அதன் மேல் ஏறி, ஆளுக்கு ஒரு திசையில் போனை நீட்டிக்கொண்டு நிற்கும். பாம்பு பற்றிய கேள்வி இந்த நேரத்தில்தான் எழும்.

“பாம்பெல்லாம் வருமாப்பா?”

“வரும் சார். அது பாட்டுக்குப் போயிடும்.”

கேர்டேக்கரின் நோக்கம் ஆறுதல்தான். ஆனால் அதற்குப் பிறகு பாத்ரூமுக்குத் தனியாக யாரும் போவதில்லை. விடியற்காலை நாலு மணிக்கு மயில் அகவும். குழந்தை அழுகிறது என்று எல்லா அறையிலும் விளக்கு எரியும். ஆடி மாதமானால் அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர் அந்த வேலையை முன்கூட்டியே செய்துவிடும். ஸ்பீக்கரை எதிர்த்து முணுமுணுப்பவர், முந்தின நாள் ராத்திரி தன் புளூடூத் பெட்டியில் இளையராஜாவைக் களத்துமேடு முழுக்கக் கேட்க வைத்தவர். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வேடந்தாங்கல்காரர்கள் பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை.

கேர்டேக்கர் இவர்களைப் பல வருஷமாக அருகிலிருந்து பார்த்து வருபவர். இத்துறையின் உண்மையான நிபுணர் அவரே. அவருடைய வகைப்பாடு சுருக்கமானது: மயிலாப்பூர் வந்தால் காபி பற்றிய புகார் வரும், அடையாறு வந்தால் பிளாஸ்டிக் பற்றிய உபதேசம் வரும், தி.நகர் வந்தால் பாத்திரம் என்ன விலை என்று கேட்கும். டிப்ஸ் மூன்று பேரும் கொடுப்பார்கள். அவருடைய மகன் பெருங்குடியில் வேலை பார்க்கிறான். சொந்த ஊர்ப்பக்கம் வர அவனுக்குச் சனி ஞாயிறில் லீவு கிடைப்பதில்லை.

ஞாயிறு மதியம் கட்டுசாதம் மாதிரி நாலு இளநீர், ஒரு பூசணிக்காய், ஒரு பை கீரை ஆகியவற்றுடன் புறப்பாடு. கோயம்பேட்டை விட மலிவு என்று சொல்லிக்கொண்டே கோயம்பேட்டை விட அதிகம் கொடுத்திருப்பார்கள். திங்கட்கிழமை நாகேஸ்வர ராவ் பூங்காவின் நடைப்பயிற்சியில், கிராமத்தில் ராத்திரி போட்ட தூக்கம் இருக்கிறதே, அதுமாதிரி தூக்கம் வாழ்க்கையிலேயே வந்ததில்லை என்று மூன்று சுற்று வரைக்கும் சொல்வார்கள். அதைக் கேட்டவர்களில் ஒருவர் அடுத்த வாரமே முன்பதிவு செய்துவிடுவார். இனம் பெருகும் வழி இதுதான்.

உண்மையிலேயே அமைதி வேண்டி இந்தக் கொட்டகைகளில் தங்க நினைப்பவர்கள் மார்கழியில், கிறிஸ்துமஸ் வாரத்தைத் தவிர்த்துப் போகலாம். அந்த மாதத்தில் இவர்கள் 1928-ல் தொடங்கிய மியூசிக் அகாடமியிலிருந்து தெருமுனைச் சபா வரைக்கும், கச்சேரியையும் கேண்டீனையும் விட்டு நகர மாட்டார்கள். அறை சுலபமாகக் கிடைக்கும், மழை பெய்த வருஷமானால் வேடந்தாங்கலுக்குப் பறவைகள் வந்திருக்கும். பால் பாக்கெட்டை மட்டும் முந்தின நாளே சொல்லிவைப்பது நல்லது.