செய்கூலி, சேதாரம்

ஆடி முடிந்தால் போதும், டிவியில் நகைக்கடை விளம்பரங்கள் வரிசைகட்டி வந்துவிடும். காசுமாலை, ஒட்டியாணம், நெத்திச்சுட்டி சகிதம் மணப்பெண். தூணோரம் நின்று அங்கவஸ்திரத்தால் கண்ணைத் துடைக்கும் அப்பா. வரதட்சணையை 1961-லேயே தடை செய்துவிட்டதால் இதற்குப் பெயர் பாசம்.

பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-இல் சட்டம் போட்டது. 2005-இல் நாடு முழுக்க வந்தது. ஆனாலும் எந்த விளம்பரத்திலும் ஓர் அண்ணன் பட்டாவோடு வந்து, “உன் பங்கு, பிடிம்மா” என்று கண்கலங்கியதில்லை.

நிஜத்தில் அண்ணனே காரில் அழைத்துப் போவார், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு. விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து, பெருவிரல் ரேகை. திரும்பும் வழியில் ஒரு பட்டுப்புடவை. செய்கூலி கிடையாது. சேதாரம் மட்டும் தங்கச்சி கணக்கில்.