நூல் விலை பேசாத மனிதர்

திருப்பூரில் இரண்டு பேர் நின்று பேசினால் மூன்றாவது நிமிடம் நூல் விலை வந்துவிடும். துக்க வீடாக இருந்தாலும் சரி. பெரியவர் எப்படிப் போனார் என்று விசாரித்து முடிக்கும் முன்பே முப்பதாம் நம்பர் கோம்டு கிலோ எவ்வளவு என்று ஒரு குரல் கேட்கும். அப்பேர்ப்பட்ட ஊரில், வேலம்பாளையத்து மொட்டை மாடி ஒன்றில், சட்டப்படி வியாபாரமே பேசக்கூடாத பொழுதுபோக்கு ஒன்றை ஒருவர் பிடித்து வைத்திருக்கிறார். அவர்தான் ஹாம் ரேடியோக்காரர், அதாவது லைசென்ஸ் வாங்கி வீட்டு ரேடியோவில் ஊர் உலகத்தோடு பேசுபவர்.

பகலெல்லாம் நாலைந்து பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் தைக்கும் சாதாரண மனிதர். இருட்டினால் தகரக் கூரை போட்ட மாடி அறைக்குள் போய், ஹெட்போன் மாட்டிக்கொண்டு, 'விக்டர் யூனிஃபார்ம் த்ரீ' என்று தொடங்கும் தன் அழைப்புக் குறியை ஆகாசத்தைப் பார்த்து ஓதுவார். இந்த ஓதல் பழக்கம் கீழேயும் தொற்றிவிட்டது. கூரியர் பையன் பெயர் கேட்டால்கூட ஒவ்வோர் எழுத்துக்கும் 'ஆல்ஃபா, பிராவோ' என்று விளக்கம் வரும். பையன் இப்போதெல்லாம் பார்சலைத் திண்ணையில் வைத்துவிட்டு ஓடிவிடுகிறான்.

ஒரு நாள் போலந்துக்காரர் ஒருவர் அலைவரிசையில் சிக்கினார். மறுநாள் மைத்துனரிடம் பெருமை.

"போலந்துங்களா மாமா? என்னுங்க பேசுனீங்க?"

"எம்பட சிக்னல் அம்பத்தொம்பதுன்னான். அவனுது அம்பத்தேழுன்னேன்."

"செரி, அப்புறம்?"

"எழுபத்திமூணுன்னான். நானும் எழுபத்திமூணுன்னு முடிச்சுட்டேன்."

மைத்துனர் கொஞ்ச நேரம் யோசித்தார். "எழுபத்திமூணு ரூவாய்க்கு பீஸ் கட்டுபடியாகுமுங்களா மாமா?"

ஹாம் பாஷையில் 73 என்றால் நல்வாழ்த்துகள். 59 என்றால் பேச்சு தெளிவு, சிக்னலும் பலம். வந்தனம் சொல்ல இத்தனை செலவா என்று மைத்துனர் பிறகு கேட்டதில் எனக்கு ஒன்றும் தப்புத் தெரியவில்லை. போகட்டும். ஊர்ப் பெயரிலும் அவருக்கு ஒரு கண்டம் இருக்கிறது. பதிவேடுகளில் அது '15 வேலம்பாளையம்'. எண்ணைப் பிரித்துச் சொல்வதுதான் ஹாம் வழக்கம் என்பதால் 'ஒன் ஃபைவ் வேலம்பாளையம்' என்பார். எதிர்முனை அதை சிக்னல் மதிப்பெண்ணாக எழுதிக்கொள்ளும். அந்தக் கணக்கில் 15க்கு அர்த்தம்: சத்தம் ஓரளவு இருக்கிறது, ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. வீட்டம்மாவின் அபிப்பிராயமும் ஏறக்குறைய அதேதான்.

ஆண்டெனா கதை தனி. 7 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை டைபோல் கட்ட சுமார் 66 அடி கம்பி வேண்டும். வீட்டு மனையோ முப்பதுக்கு நாற்பது. ஆகவே ஒரு முனை இவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில், மறுமுனை பக்கத்து வீட்டுத் தென்னையில். அந்தத் தென்னைக்கு வாடகையாகப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு வருஷம் முழுக்க சர்ப்ளஸ் டீ ஷர்ட். மாடியில் கம்பியைப் பார்த்தால் துணி காயப்போடும் கொடி என்று நினைப்பது மனித இயல்பு. போலந்து அகப்பட்ட மறுவாரமே, நடுக் கம்பியில் ஏழெட்டு பனியன் தொங்கியது. "ஏனுங்க, சும்மாதான கெடந்துச்சு?" என்றார் அம்மணி.

ரேடியோப் பெட்டியும் சொந்தத் தயாரிப்புதான். ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ். காயில் சுற்றும் வெளிநாட்டு வளையங்கள் கிடைக்காத ஊர்களை நினைத்து, குழாய் வாஷர்மேல் சுற்றலாம் என்று வழிசொன்ன புண்ணியவான் அவர். நம்மவர் ஹார்டுவேர் கடையில் வாஷர் வாங்கப் போனபோது, "குழாய் ஒழுகுதுங்களாண்ணா?" என்றார் கடைக்காரர். "இல்லீங்க, ரஷ்யாவுக்குப் பேசோணும்" என்று இவர் சொன்னார். கடைக்காரர் சில்லறையைக் கையில் கொடுக்காமல் மேஜையில் வைத்தார்.

ஆனால் ரஷ்யாவுக்கு முன்னால் தெருவைத் தாண்ட வேண்டுமே! 7 மெகாஹெர்ட்ஸ் இருட்டிய பிறகுதான் தூரம் போகும். பகலில் அலையை விழுங்கும் அயனி அடுக்கு சூரியனோடு மறைவது அப்போதுதான். நிட்டிங் கம்பெனிகளின் நைட் ஷிப்டும் அப்போதே தொடங்கும். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்வெர்ட்டர் டிரைவ், எல்இடி விளக்கு, சார்ஜர் எல்லாம் சேர்ந்து ரேடியோவில் கரகரவென்று அரைக்கும். அதனால் மின்தடை அறிவிப்பு வந்தால் ஊர் சபிக்கும். இவர் முகத்தில் மாப்பிள்ளைக் களை. 12 வோல்ட் பேட்டரியோடு மாடிக்கு ஓடுவார். தீபாவளிக்குக் கம்பெனிகள் பூட்டினால் அந்த வாரம் பட்டாசு நினைப்பே கிடையாது.

இதனால் என்னங்க பிரயோஜனம் என்று கேட்டால் தயாராக ஒரு பதில் உண்டு. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் குழுவினர் உலக ஹாம்களோடு பேசிப் பார்க்க அந்தமான் போயிருந்தார்கள். 26ஆம் தேதி சுனாமி வந்து தொலைபேசிகள் செத்தபோது, போர்ட் பிளேரிலிருந்து உயிரோடிருப்பவர்களின் சேதிகளை வெளியே கொண்டுவந்தது அந்த ரேடியோதான். இதைச் சொல்லும்போது அவர் குரல் மாறும். அங்கே நானும் கேலியை நிறுத்திக்கொள்வேன். ஆனால் அதற்குப் பிறகு நொய்யல் ஆற்றில் தண்ணீர் ஏறும்போதெல்லாம் பேட்டரியை சார்ஜில் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார் பாருங்கள், அங்கேதான் சிரிப்பு வருகிறது. பாழாய்ப்போன செல்போன் டவர் ஒரு தடவைகூட ஒத்துழைக்கவில்லை.

பேசியவர்களுக்கு அத்தாட்சியாக அஞ்சலட்டை அனுப்புவது ஹாம் மரபு. அட்டை அடிக்க லேபிள் பிரிண்டிங் கடைக்குப் போனார். "மினிமம் அஞ்சாயிரம் பீஸுங்ணா" என்றார்கள். அடித்துவிட்டார். இதுவரை செலவானது ஒரு கட்டுக்கும் கீழே.

மீதி அட்டைகளைத் தீர்க்க ஆள் தேவை. பன்னிரண்டு வயது நிரம்பியிருந்தால் ஹாம் தேர்வு எழுதலாம். நடத்துவது மத்தியத் தொலைத்தொடர்புத் துறை. கீழ்நிலை உரிமத்துக்கு மோர்ஸ் தந்தியும் வேண்டியதில்லை. பாஸ் பண்ணிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள். அப்போதுதான் கம்பெனி ஓடாது, அவர் காதில் உங்கள் குரல் விழும். நூல் விலை மட்டும் கேட்டுவிடாதீர்கள், இரண்டு பேர் லைசென்ஸும் போய்விடும்.