ஆம்பளை சென்ட்டில் அரை முழம் மல்லிகை

ஆண் பூசும் பூமணம் என்பது, பூவின் வாசனை தூக்கலாக நிற்கும் சென்ட்டை ஓர் ஆண் அடித்துக்கொண்டு நாலு பேர் நடமாடும் இடத்துக்குப் போவதாகும். வீட்டில் அடித்துக்கொண்டு வீட்டிலேயே படுத்துவிடுவது இதில் சேராது. மல்லிகை, ரோஜா, சம்பங்கி, தாழம்பூ ஆகியவை இவ்வகையில் தலையாயவை. சந்தனத்துக்கும் ஜவ்வாதுக்கும் விலக்கு உண்டு. சந்தனம் மரம், ஜவ்வாது எதனால் ஆனது என்று பூசுபவர் யாரும் கேட்பதில்லை. இவ்விரண்டையும் எவ்வளவு பூசினாலும் தமிழ்நாட்டில் ஓர் ஆணுக்குப் பெரிய மனிதர் என்ற பெயரே கிடைக்கும். விசாரணை எல்லாம் பூவுக்குத்தான்.

விசாரணை ஊருக்கு ஊர் வேறுபடும். மேலை நாடுகளில் பூமணம் வீசும் ஆணிடம் "இது பெண்கள் சென்ட் ஆயிற்றே" என்பார்கள், அத்தோடு முடிந்தது. தமிழ்நாட்டில் மல்லிகை வாசனை ஒரு சாட்சியம். மல்லிகை இருக்க வேண்டிய இடம் ஒரு பெண்ணின் தலை. ஆணின் சட்டையில் அது மணந்தால், அந்தத் தலை யாருடையது என்பதே அடுத்த கேள்வி. ஆண்மையில் ஐயம் என்றால்கூட வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடலாம். இங்கே எழும் ஐயம் அதற்கு நேர் எதிரானது.

மாலையில் வீடு திரும்பும் குடும்பஸ்தர் பூக்காரம்மாவிடம் இரண்டு முழம் வாங்கி, வாழையிலைப் பொட்டலமாகச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு வருவது வழக்கம். அந்த வாசனைக்குக் கணக்கு உண்டு. பையைத் திறந்தால் பூ வரும். பையிலிருந்து டிபன் கேரியர் மட்டும் வந்து, வாசனை ஆளிடமிருந்தே வருமானால் கணக்கு உதைக்கும். "பூ எங்கங்க?" என்ற கேள்விக்கு "பூ வாங்கல, இது சென்ட்டு" என்பது முழு உண்மையான பதில். ஆனால் மாட்டிக்கொண்டவர்கள் சொல்லும் பதிலுக்கு உரிய எல்லா இலக்கணமும் அதில் பொருந்தியிருக்கும். பாட்டிலை எடுத்துக் காட்டுவது உசிதமல்ல. என்ன விலை என்ற இரண்டாவது வழக்கு உடனே பதிவாகும்.

அலுவலகத்தில் சட்டம் சற்று இளகியது. "என்ன சார், வீட்ல விசேஷமா?" என்று ஒருவர் கேட்பார். இன்னொருவர் ஊதுபத்தி எங்கே எரிகிறது என்று மேசைக்கடியில் தேடுவார். சிக்கல் இரவில்தான். நள்ளிரவில் மல்லிகை வாசனை வந்தால் மோகினி பின்னால் வருகிறாள், திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது கிராமத்துப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்த பாடம். இரண்டாம் ஷிப்ட் முடிந்து மல்லிகை மணக்க நடந்து வரும் ஆணுக்கு முன்னால் போகிறவர்கள் ஒருவரும் திரும்பிப் பார்க்காமல் நடையை எட்டிப் போடுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இத்தனைக்கும் இந்த மண்ணில் பூ ஆணுக்குப் புதிதல்ல. சேரன் பனம்பூ, சோழன் ஆத்தி, பாண்டியன் வேம்பு என்று மூவேந்தரும் ஆளுக்கொரு பூ சூடினார்கள். சங்ககாலப் போர் முழுவதுமே பூக்களால் பகுக்கப்பட்டது. பகைவரின் மாடுகளை ஓட்டிவரப் போனவன் வெட்சி சூடினான். மீட்கப் போனவன் கரந்தை சூடினான். நேருக்கு நேர் பொரும்போது தும்பை, வென்றபின் வாகை. மாடு திருடப் போகும்போதுகூடப் பூ வைத்துக்கொண்டு போன சமூகம் இது. அவனைப் பார்த்து "வீட்ல விசேஷமா?" என்று யாரும் கேட்டதாகப் பாடல் இல்லை. தேர்தலில் வென்றவர் வாகை சூடியதாக இன்றும் செய்தி வருகிறது. அவர் கழுத்தில் விழுவது என்னவோ ரோஜா மாலை. அது நாள் முழுக்க மணந்தாலும் தொண்டர்கள் முகம் சுளிப்பதில்லை.

காலம் சொல்லையும் விட்டுவைக்கவில்லை. பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணம். இன்று ஒருவரிடம் "உங்கள் மேல் நல்ல நாற்றம்" என்று பழைய பொருளில் பாராட்டிப் பார்ப்பது பரிந்துரைக்கத்தக்கதல்ல.

இப்போது ஆணுக்குப் பூமணத்துக்கான அனுமதி ஒருநாள் உரிமமாகக் குறுகிவிட்டது. அது கல்யாண நாள். மாப்பிள்ளை ரோஜாவும் சம்பங்கியும் கலந்து கட்டிய மாலையைச் சுமந்தபடி, தலையில் பன்னீர் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருப்பார். பன்னீரும் ரோஜாவின் வடிநீர்தான். தமிழ்க் கல்யாணத்தின் அடையாளம்போல் ஆகிவிட்ட அந்தச் சம்பங்கி மெக்சிகோவிலிருந்து வந்த செடி என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். மறுநாள் காலை உரிமம் காலாவதியாகும். அதன்பின் மிஞ்சும் ஒரே சந்து டால்கம் பவுடர். முகத்திலும் கழுத்திலும் திட்டுத் திட்டாகப் பூமணப் பவுடர் அப்பிக்கொண்டு பேருந்தில் ஏறிய ஆண்களை இரண்டு மூன்று தலைமுறைகளாகத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பவுடர் என்றால் அது சுத்தம். அதே மணம் பாட்டிலில் வந்தால் அது சங்கதி.

மேலை நாட்டு ஆண் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டான். பூவை விடவில்லை, பெயரை மாற்றினான். 1709-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஃபரீனா குடும்பம் தொடங்கிய வாசனைத் தொழிலில் பிறந்தது கொலோன் தண்ணீர். எலுமிச்சை வகைகளோடு ஆரஞ்சுப்பூ எண்ணெயும் இவ்வகையில் சேரும். நெப்போலியன் அதைத் தாராளமாகப் பூசியவர். தமிழ்நாட்டு வீடுகளில் காய்ச்சலுக்குத் துணி நனைத்து நெற்றியில் போட்ட யூடிகொலோன் இதே பரம்பரை. காய்ச்சல் கண்ட ஆண் பூமணம் வீசுவதை மருத்துவம் என்று ஏற்றுக்கொண்டார்கள். 1882-இல் பாரிஸில் வந்த ஃபூஜேர் ரோயால் ஒரு பெரிய வாசனைக் குடும்பத்துக்கே மூதாதை. ஆண்களுக்கான சென்ட்டுகளில் பல அதன் வாரிசுகள் என்று சொன்னால் மிகையாகாது. பெயர் பெரணியைக் குறித்தாலும் அதில் முன்நிற்பது லாவண்டர். லாவண்டர் ஒரு பூ. இதை ஆண்களிடம் யாரும் சொல்லவில்லை.

இவ்வகை ஏமாற்று வேலைகளில் சிகரம் 1966-இல் தியோர் நிறுவனம் வெளியிட்ட ஓ சவாஜ். வாசனைக் கலைஞர் எட்மோன் ருத்னிட்ஸ்கா அமைத்தது; ஆண்களின் சென்ட் என்றதும் இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது. பெயருக்குக் காட்டுத் தண்ணீர் என்று பொருள் கொள்ளலாம். காட்டுத் தண்ணீருக்குள் இருப்பது மல்லிகை. ஜெனீவாவின் ஃபிர்மெனிச் நிறுவன வேதியியலார் மல்லிகையின் மணத்தை ஆராய்ந்தபோது கண்டெடுத்த பொருள் ஹெடியோன். அதன் வேதிப்பெயர் மெத்தில் டைஹைட்ரோஜாஸ்மோனேட். நடுவில் ஜாஸ்மின் ஒளிந்திருப்பதை உற்றுப் பார்த்தால் காணலாம். அதைக் குறிப்பிடத்தக்க அளவில் சேர்த்துப் பெயர் வாங்கியது இந்த ஆண்கள் சென்ட்தான். அதன்பின் ஹெடியோன் சேராத சென்ட்டைத் தேடிப் பிடிப்பதே கடினம் என்ற நிலை வந்தது. மார்பை நிமிர்த்திக்கொண்டு போகும் ஆண்களில் பலர் கூந்தலில் வைக்காத குறையாக மல்லிகையைச் சுமந்துகொண்டுதான் போகிறார்கள்.

1995-இல் வந்த லெ மால் இன்னும் துணிச்சலானது. பிரெஞ்சில் அதன் பொருளே ஆண் என்பதுதான். பாட்டிலும் கட்டுடல் கொண்ட ஓர் ஆணின் உடற்பகுதி வடிவம். உள்ளே லாவண்டரும் ஆரஞ்சுப்பூவும் வனிலாவும். 2005-இன் தியோர் ஓம் ஐரிஸை வைத்துச் செய்தது. ஐரிஸில் சென்ட்டுக்கு எடுப்பது பூவை அல்ல, மண்ணுக்கடியில் இருக்கும் கிழங்கை. கிழங்கு என்றால் ஆண்களுக்கு ஆட்சேபம் இல்லை.

மல்லிகை ஆணாக மாறும் பயணம் தமிழ்நாட்டிலேயே தொடங்குகிறது. மதுரை, நிலக்கோட்டை, சத்தியமங்கலம் வட்டாரங்களில் விளையும் பூவில் ஒரு பகுதி தலைக்குப் போகாமல் வாசனை ஆலைக்குப் போகும். விடியற்காலையில் மொட்டாகப் பறித்து, மலரும் நேரம் வரை காத்திருந்து, ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைப்பார்கள். கொதிநீராவி மல்லிகைக்கு ஒத்துக்கொள்ளாது. கரைப்பானை நீக்கியபின் நிற்கும் மெழுகுக்குத் தொழிலில் கான்கிரீட் என்று பெயர். கட்டட மேஸ்திரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு கிலோ கான்கிரீட்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோ பூ வேண்டும். அதைச் சாராயத்தில் கழுவி எடுத்த சாறு பிரான்சுக்குக் கப்பலேறும். சந்தையில் முழம் போட்டு அளந்தபோது பெண்களின் பொருளாக இருந்த பூ, விமான நிலையத்தின் வரியில்லாக் கடைக்குத் திரும்பி வரும்போது "பூர் ஓம்" என்று பொறித்த கறுப்புப் பெட்டிக்குள் இருக்கும். "பூர்" என்பது "க்காக", "ஓம்" என்பது "ஆண்".

வளைகுடா நாடுகளில் இந்த வேஷமெல்லாம் தேவைப்படுவதில்லை. ரோஜாவையும் ஊத் என்னும் அகில் எண்ணெயையும் சேர்த்துப் பூசுவது அங்கே ஆண்களின் அன்றாட மரியாதை. சவூதியின் தாயிஃப் ரோஜாவுக்கு அவர்களே முதல் வாடிக்கையாளர்கள். உத்தரப் பிரதேசத்துக் கன்னௌஜ் நகரில் செப்புப் பானையில் பூவை வேகவைத்து, அதன் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கும் அத்தர் தொழில் இன்றும் நடக்கிறது. காதுமடலின் உள்ளே அத்தர் தோய்த்த பஞ்சைச் செருகிக்கொண்ட பெரியவரிடம் அது ஆணுக்கா பெண்ணுக்கா என்று கேட்டால், கேட்டவரின் காதைத்தான் அவர் சந்தேகிப்பார்.

பூசும் முறையில் சில இடர்கள் உண்டு. சென்ட்டில் முதலில் பறப்பது எலுமிச்சை போன்ற இலகுவான மணங்கள். பூ அதன்பிறகே எழும். கடையில் அட்டையில் அடித்து, உடனே மோந்து, பணம் கொடுப்பவர் எலுமிச்சையை வாங்குகிறார். வீட்டுக்கு வருவது மல்லிகை. அடுத்தது அளவு. மல்லிகையில் இண்டோல் என்ற பொருள் இருக்கிறது. சிறிதளவில் அது பூவுக்குக் கிறக்கம் தரும். மிகுந்தால் மலத்தின் நெடி. மலத்திலும் இருப்பது அதே இண்டோல்தான். சென்னை வெயிலில், நெரிசலான பேருந்தில், கைப்பிடியைப் பிடிக்க உயர்த்திய கையிலிருந்து அது எந்தப் பக்கம் சாயும் என்பது தெளித்த அளவைப் பொறுத்தது. இரண்டு தெளிப்பு போதும். பூசியவரின் மூக்கு சிறிது நேரத்தில் பழகிவிடும். மணம் போய்விட்டது என்று எண்ணி அவர் மேலும் அடிப்பார். மின்தூக்கியில் உடன் வருபவர்களின் மூக்குக்கு அந்த வசதி கிடைக்கும் முன் அவர்கள் இறங்க வேண்டிய மாடி வந்துவிடும்.

மல்லிகையில் மாட்டிக்கொள்பவர்கள் தாழம்பூவை முயலலாம். பெண்களின் சடையில் வைத்துத் தைத்த பூ என்றாலும், மோகினிக்கும் அதற்கும் தொடர்பு சொல்வதில்லை. பாம்பு வரும் என்று மட்டும் சொல்வார்கள். சிவனின் முடியைக் கண்டதாகப் பிரமனுக்குப் பொய்ச்சாட்சி சொல்லிச் சிவபூஜையிலிருந்து விலக்கப்பட்ட பூ அது என்று புராணம் கூறுவதால், வீட்டு விசாரணையில் அதன் சாட்சியம் எடுபடாது என்றும் நம்பலாம். தாழம்பூ அத்தர் பெருமளவில் வடிக்கப்படுவது ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில். தாழையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. அத்தருக்கு எடுப்பது ஆண் பூவை மட்டுமே. பெண் பூவுக்கு மணம் கிடையாது.